வட்டம் முட்டையான கதை

"பிள்ளை, இது எங்கடை அவர் இல்லை."

அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அந்த அம்மா இப்படிச் சொன்னபோது எனக்கு எதுவும் விளங்கவில்லை. 2011ஆம் ஆண்டு, வவுனியாவில் வீட்டு முன்விறாந்தையில் ஒரு கணனியை வைத்துத் தட்டச்சு வேலை செய்து சீவித்த காலம். விண்ணப்பங்கள், பரீட்சை வினாத்தாள்கள் என்று வரும். நாலு காசு மிஞ்சுவதென்றால் 31ஆம் நாள் நினைவு மலர்களில்தான். ஓய்வுபெற்ற ஆசிரியரான தன் கணவரின் மலரை அந்த அம்மா என்னை நம்பித் தந்திருந்தார். 200 அட்டைகள் அச்சாகி வந்துவிட்டன. கிரியைக்கு இன்னும் மூன்று நாட்களே இருந்தன.

"அவர் இப்பிடி ஒட்டி உலர்ந்து இருக்கேல்லைப் பிள்ளை. வருத்தத்திலை கிடக்கேக்கையும் முகம் வத்தேல்லை."

அவர் தந்த சிறிய படத்தை எடுத்து அட்டையோடு சேர்த்துப் பார்த்தேன். என் கைகால் உதறத் தொடங்கிவிட்டது. வட்டமான முகம் அட்டையில் நீண்டு, கன்னங்கள் உள்ளே போய், வேறொரு மனிதராக இருந்தார். அப்படி ஆக்கியது அச்சகம் அல்ல, நான்தான்.

நடந்தது இதுதான். ஒரு மாதத்திற்கு முன்பு என் பழைய குழாய்த் திரை செத்துப்போனது. அதற்குப் பதிலாக 19 அங்குல அகலத்திரை ஒன்று வாங்கினேன். பூட்டிய நாளிலிருந்தே எழுத்துக்கள் கொஞ்சம் கொழுத்தும் விளிம்புகள் மங்கியும் தெரிந்தன. அகலத்திரை என்றால் எல்லாம் அகலமாகத்தான் தெரியும் போலும் என்று நினைத்துக்கொண்டேன். பின்னேரமானால் கண் எரியும், தலை இடிக்கும். அதையும் வயதின் கணக்கில் எழுதிவிட்டேன். திரை வாங்கிய கடையில் கேட்டபோது, "லினக்ஸ் எண்டா உப்பிடித்தான் அக்கா, விண்டோசைப் போடுங்கோ" என்றார்கள்.

விண்டோசை நான் கைவிட்டதற்குக் காரணம் இருந்தது. வருகிறவர்கள் கொண்டுவரும் பென் டிரைவ்களில் இருந்து வைரஸ் ஏறி, இரண்டு தரம் செய்த வேலை முழுவதும் அழிந்து போயிற்று. அந்த நாட்களில் உபுண்டு இறுவட்டை இலவசமாகவே தபாலில் அனுப்புவார்கள். 2011 ஏப்ரலில் அது நின்றுவிட்டது. அப்படி வந்த 10.04 இறுவட்டைத்தான் என் அக்காவின் மகன் கணனியில் போட்டுத் தந்திருந்தான். நல்லாகத்தான் ஓடியது.

இந்தத் திரையில் நான் திருத்திய முதல் முகப்படம் ஆசிரியருடையது. ஸ்கான் பண்ணித் திறந்தபோது முகம் உப்பியிருந்தது. ஸ்கானர்தான் அகட்டிவிட்டது என்று முடிவு கட்டினேன். கிம்ப் மென்பொருளில் படத்தின் அளவை மாற்றும் இடத்தில் அகலத்திற்கும் உயரத்திற்கும் நடுவே ஒரு சிறு சங்கிலிப் படம் இருக்கும். ஒன்றை மாற்றினால் மற்றதும் கூடவே மாறுவதற்கான பூட்டு அது. அந்தச் சங்கிலியை அறுத்து, அகலத்தை மட்டும் நூற்றுக்கு 84 ஆகக் குறைத்தேன். திரையில் முகம் அழகாக வந்தது. மேசையில் கிடந்த மூலப்படத்தை அப்போது ஒரு தரம் எடுத்துப் பார்த்திருக்கலாம்.

அம்மா போனதும் பெறாமகனுக்குத் தொலைபேசி எடுத்தேன். யாழ்ப்பாணத்தில் படித்துக்கொண்டிருந்தான். நான் அழுதுகொண்டு சொன்னதைக் கேட்டுவிட்டு, "சின்னம்மா, கிம்ப்பிலை 300 புள்ளி அகலம், 300 புள்ளி உயரத்துக்கு ஒரு வட்டம் கீறி, நூறு வீதத்திலை வைச்சு, அடிமட்டத்தாலை அளந்து சொல்லுங்கோ" என்றான்.

மகளின் அடிமட்டத்தைத் திரையில் வைத்து அளந்தேன். குறுக்கே 12 சென்ரிமீற்றர். நெடுக்கே 10. வட்டம் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தது ஒரு முட்டை.

அவன் விளங்கப்படுத்தினான். என் புதிய திரையில் குறுக்கே 1440 புள்ளிகளும் நெடுக்கே 900 புள்ளிகளும் உள்ளன. கணனியோ பழைய திரைகளுக்குரிய 1024க்கு 768 என்ற அளவில் படத்தை அனுப்பிக்கொண்டிருந்தது. நாலுக்கு மூன்று என்ற படத்தைத் திரை தன் முழு அகலத்துக்கும் இழுத்து நிரப்ப, எல்லாம் ஐந்தில் ஒரு பங்கு பருத்தது. புள்ளிக்குப் புள்ளி பொருந்தாததால் எழுத்தும் மங்கியது. கண் எரிந்தது அதனால்தான். வயதாகிப் போனதென்று நான் வீணாக நொந்திருக்கிறேன்.

எந்தத் திரையும் தன் பெயரையும் தனக்கு ஏற்ற அளவுகளையும் ஒரு சிறு குறிப்பாகத் தனக்குள் வைத்திருக்கிறது. 128 பைட்தான். ஈடிஐடி என்பார்கள். கணனி வயர் வழியே அதைக் கேட்டு வாங்கும். பதில் வராவிட்டால் எந்தத் திரைக்கும் பெரும்பாலும் பொருந்தும் ஓர் அளவில் நின்றுவிடும். என் கணனியில் திரை அமைப்புப் பகுதியைத் திறந்தபோது, திரையின் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் 'அன்நோன்' என்று இருந்தது. ஒரு மாதமாக இருவரும் முகம் தெரியாமலேயே வேலை செய்திருக்கிறார்கள்.

கணக்கைக் கையால் சொல்லிக் கொடுக்கலாம் என்றான் பெறாமகன். டேர்மினல் என்ற கறுப்புப் பெட்டியைத் திறந்து, சிவிடி என்ற கட்டளையோடு 1440, 900 என்று அடிக்க, ஒரு நீண்ட எண் வரிசை வந்தது. முதலில் 106.50, பிறகு 1440 தொடங்கி 1904 வரை, 900 தொடங்கி 934 வரை. தெரிவது 1440 புள்ளிதானே, 1904 எதற்கு என்று கேட்டேன். குழாய்த் திரைக் காலத்தில் ஒளிக்கற்றை ஒரு வரியை முடித்து அடுத்த வரிக்குத் திரும்ப நேரம் வேண்டுமாம். குழாய் போன பின்னும் அந்த இடைவெளி கணக்கில் நின்றுகொண்டிருக்கிறது.

அந்த வரிசையை எக்ஸ்ராண்ட்ஆர் என்ற கட்டளைக்கு மூன்று படியாகக் கொடுக்கவேண்டும். புதிய அளவொன்றை உண்டாக்குவது, அதைத் திரையின் பட்டியலில் சேர்ப்பது, அந்த அளவுக்கு மாறுவது. நான் பதற்றத்தில் 106ஐ 160 என்று அடித்துவிட்டேன். மூன்றாவது கட்டளையோடு திரை இருண்டது. எல்லை மீறிவிட்டது என்று ஒரு சிறு பெட்டி மட்டும் மிதந்தது. இருந்த கணனியும் போயிற்று என்று நெஞ்சு அடைத்தது. "பயப்பிடாதேங்கோ சின்னம்மா, இது நிரந்தரமில்லை, நிப்பாட்டித் திரும்பப் போடுங்கோ" என்றான். அப்படியே பழைய முட்டையோடு திரும்பி வந்தது. இரண்டாந்தரம் ஒவ்வோர் எண்ணையும் வாய்விட்டுச் சொல்லி அடித்தேன்.

திரை ஒருதரம் சிமிட்டியது. அவ்வளவுதான். எழுத்துக்கள் ஊசியால் குத்தியதுபோல் தெளிவாக நின்றன. வட்டத்தை அளந்தேன். குறுக்கே 8.5, நெடுக்கே 8.5.

அன்றிரவே மூலப்படத்தை மீண்டும் ஸ்கான் பண்ணி, சங்கிலியைத் தொடாமல் அட்டையைச் செய்தேன். அச்சகத்தில் கெஞ்சி அடுத்த நாளே அடிப்பித்தேன். செலவு என்னுடையது. அந்த மாதம் மகளின் ரியூஷன் காசுக்குக் கடன் வாங்கினேன். அம்மா புதிய அட்டையை வாங்கி, பெருவிரலால் கன்னத்தைத் தடவிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் கைப்பையில் வைத்துக்கொண்டார். பழைய 200 அட்டைகளையும் கச்சான் சுற்றுபவருக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. கிணற்றடியில் வைத்து எரித்தேன்.

கட்டளைகள் நிரந்தரமில்லை என்பதால், வீட்டுக் கோப்புறையில் எக்ஸ்புரொஃபைல் என்ற கோப்பில் அவற்றை எழுதி வைத்தேன். உள்ளே நுழையும்போதெல்லாம் தானாகவே ஓடும். தீபாவளிக்கு வந்த பெறாமகன் வயரைக் கழற்றிப் பார்த்துச் சிரித்தான். நீலத் தலை கொண்ட அந்த விஜிஏ வயரில் மூன்று வரிசையில் 15 ஊசிகளுக்கு இடமுண்டு. ஒன்பதாவது பல வயர்களில் வேண்டுமென்றே விடப்பட்டிருக்கும், அது பிழையல்ல. என்னுடையதில் பன்னிரண்டாவது மடிந்து படுத்திருந்தது. திரை தன்னைப் பற்றிச் சொல்லும் வழி அதுதான். சுவரோடு ஒட்டிய மேசைக்குப் பின்னால் கையை விட்டுக் குருட்டாட்டமாக நான் குத்தியதில் மடிந்திருக்கிறது. தையல் ஊசியால் மெல்ல நிமிர்த்திப் பூட்டினோம். திரையின் பெயர் வந்தது, அளவும் தானாகவே வந்தது. ஆகவே உங்கள் திரையிலும் எழுத்து கொழுத்துத் தெரிந்தால், கட்டளைக்குப் போகுமுன் கணனியை நிற்பாட்டி ஊசிகளைப் பாருங்கள்.

இப்போது என்னிடம் இருப்பது எச்டிஎம்ஐ வயர். வேலண்ட் என்ற புதிய முறையில் ஓடும் உபுண்டுவில் அந்தப் பழைய எக்ஸ்ராண்ட்ஆர் கட்டளையால் திரையின் அளவை மாற்றவும் முடியாது. ஆனாலும் 300 புள்ளி வட்டத்தை ஒரு கோப்பாக வைத்திருக்கிறேன். முகப்படம் கொண்டு யாராவது வந்தால் முதலில் அதைத் திறப்பேன். மகள் கலியாணம் முடித்துப் போய்விட்டாள். அடிமட்டம் இன்னும் மேசை லாச்சிக்குள் இருக்கிறது.