ஷாட்டரியில் ஹாத்தவே குடும்பம்

இங்கிலாந்தின் ஸ்ட்ராட்ஃபோர்டு நகரிலிருந்து மேற்கே ஒரு மைல் நடந்தால் ஷாட்டரி வந்துவிடும். சிற்றூர்தான். ஆனால் உலகமெங்கிலுமிருந்து ஆட்கள் இங்கே வருகிறார்கள். ஷேக்ஸ்பியரின் மனைவி ஆன் ஹாத்தவே பிறந்து வளர்ந்த வீட்டைப் பார்க்கத்தான்.

தாழ இறங்கிய வைக்கோல் கூரை, மரச்சட்டங்களுக்கு இடையே பூசிய சுவர், முன்னால் பூந்தோட்டம். 'காட்டேஜ்' என்றாலும் 12 அறைகள் உண்டு. பழைய பகுதி 1463-இல் கட்டப்பட்டது. அன்று இது ஹியூலண்ட்ஸ் என்ற பண்ணை வீடு. ஹாத்தவேக்கள் ஆடு வளர்த்த குடியானவர்கள்.

ஆனின் தந்தை ரிச்சர்ட் 1581-இல் இறந்தார். திருமண நாளன்று மகளுக்குத் தர வேண்டும் என்று உயிலில் 10 மார்க் எழுதி வைத்திருந்தார். அன்றைய கணக்கில் 6 பவுண்டு 13 ஷில்லிங் 4 பென்ஸ். அடுத்த ஆண்டே திருமணம். மாப்பிள்ளைக்கு 18 வயது, பெண்ணுக்கு 26. அந்த வயது வித்தியாசத்தைப் பற்றித்தான் எல்லாரும் பேசுகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு.

ஹாத்தவே வீட்டில் தாமஸ் விட்டிங்டன் என்ற ஆட்டிடையர் வேலை பார்த்தார். 1601-இல் அவர் எழுதிய உயிலில், ஸ்ட்ராட்ஃபோர்டின் ஏழைகளுக்கு 40 ஷில்லிங் விட்டுச் செல்கிறார். அது ஆன் ஷேக்ஸ்பியர் தனக்குத் தர வேண்டிய பணம் என்றும் சொல்கிறார். திருமணமாகிப் போய் இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும், பிறந்த வீட்டு இடையருக்கும் ஆனுக்கும் கொடுக்கல் வாங்கல் நீடித்திருக்கிறது. கடிதமோ நாட்குறிப்போ விட்டுச் செல்லாத ஒரு பெண்ணைப் பற்றி நமக்குக் கிடைக்கும் அருமையான செய்தி இது.

குத்தகையாக இருந்த வீட்டை 1610-இல் ஆனின் சகோதரர் பார்த்தலோமியு விலைக்கு வாங்கிச் சொந்தமாக்கினார். பின்வந்தவர்கள் நொடித்துப்போய் 1838-இல் விற்றுவிட்டார்கள். ஆனாலும் வாடகைக்கு அங்கேயே இருந்தார்கள். 1892-இல் ஷேக்ஸ்பியர் பிறப்பிட அறக்கட்டளை வீட்டை வாங்கியபோது, அந்த வம்சத்து மூதாட்டி மேரி பேக்கரையே காப்பாளராக வைத்துக்கொண்டது. பதின்மூன்று தலைமுறை வாழ்ந்த வீடு. 1969-இல் தீப்பிடித்தபோதும் பழுதுபார்த்து மீட்டார்கள்.

இந்த வீடு நின்றது மருமகனின் புகழால் மட்டும் அல்ல. கடன் வந்தபோதும் வெளியேறாத குடும்பத்தாலும்தான். ஷாட்டரிக்குப் போகிறவர்கள் ஷேக்ஸ்பியர் காதலித்த கதையோடு திரும்பிவிடாதீர்கள். ஆட்டிடையர் விட்டிங்டனைப் பற்றியும் மேரி பேக்கரைப் பற்றியும் கேட்டுத் தெரிந்துகொண்டு வாருங்கள்.