மூடலாமா, விடலாமா?

என் வயதுப் புதுச்சேரிக்காரர்கள் பலருக்குப் பிள்ளைகள் பிரான்சில் இருக்கிறார்கள். குளிர்காலத்தில் அங்கே போய்த் தங்கிவிட்டு வந்தவர்கள் முதலில் குளிரைப் பற்றிச் சொல்வார்கள். அடுத்து ‘ஷொஃபாஜ்’, அதாவது வீட்டைச் சூடாக வைக்க ஆகும் செலவைப் பற்றிச் சொல்வார்கள். இந்த இரண்டையும் யோசிக்கும்போது எல்லோருக்கும் கண்ணில் படுவது பழைய வீட்டுச் சுவரில் இருக்கிற ஓட்டைகள்தான். அவற்றைப் பற்றித்தான் இன்று எழுதப்போகிறேன்.

என் மகளும் மாப்பிள்ளையும் பாரிசுக்குத் தென்கிழக்கே ஒரு புறநகரில் பழைய வீடு ஒன்றை வாங்கினார்கள். 1930களில் கட்டியது. ‘மெலியேர்’ என்று ஒரு பழுப்புக் கல், தேன்கூடு மாதிரி துளை துளையாக இருக்கும். பாரிசைச் சுற்றி அந்தக் காலத்து வீடுகள் பல இந்தக் கல்லில் கட்டியவை. கோடையில் வாங்கிய வீடு. நான் போனது அவர்களுடைய முதல் குளிர்காலத்தில்.

அந்த வீட்டில் மூன்று விதமான ஓட்டைகள் இருந்தன. ஒன்று, கூடத்தில் பழைய கணப்புக்கு இரண்டு பக்கமும் பூ வேலை செய்த பித்தளைக் கிராதி. அந்தக் காலத்தில் கணப்பு எரியும்போது, அதன் பின்புறம் சுற்றி வரும் காற்று சூடாகி இந்தக் கிராதி வழியாகக் கூடத்துக்குள் வரும். இரண்டாவது, சமையற்கட்டில் தரையோரம் ஒன்றும் மேலே ஒன்றுமாக இரண்டு சல்லடைத் தகடுகள். மூன்றாவது, படுக்கையறைச் சுவர்களில் உள்ளங்கை அகலத்துக்குச் சின்னச் சின்னத் திறப்புகள். எல்லாவற்றிலும் குளிர்காற்று வருகிறது என்பது மாப்பிள்ளையின் புகார்.

ஒரு கம்பெனி ஆள் வந்து ‘தெவி’ எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். மதிப்பீட்டுச் சீட்டுக்கு அங்கே அதுதான் பெயர். வார்ப்பிரும்பு ரேடியேட்டர்களைக் கழற்றிவிட்டு மின்சார ரேடியேட்டர், எல்லா ஓட்டைகளையும் அடைத்துப் பூச்சு. மாப்பிள்ளை அதை என்னிடம் காட்டி, “மாமா, நீங்க பிரெஞ்சில நல்லாப் படிப்பீங்க, ஒரு தடவை பாருங்களேன்” என்றார்.

34 வருடம் அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தவன் நான். ஒரு பழைய உத்தரவை ரத்து செய்யச் சொல்லிக் கோப்பு வந்தால், அந்த உத்தரவு முதலில் ஏன் போடப்பட்டது என்று பின்பக்கம் புரட்டிப் பார்ப்போம். காரணம் இன்னும் உயிரோடு இருந்தால் ரத்து செய்ய முடியாது. அந்தப் பழக்கத்தில், “இதெல்லாம் எதுக்கு வச்சாங்கன்னு தெரிஞ்சுக்கிட்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்க மாப்பிள்ளை” என்றேன்.

இதற்கிடையே மகள் ஒரு நாள் சொன்னாள். “சமையற்கட்டுல ஒரு மணி நேரம் நின்னா தலை வலிக்குதுப்பா. கடைக்குப் போயிட்டு வந்தா சரியாயிடுது.” வெளியே போனால் சரியாகிவிடுகிறது என்ற வார்த்தை எனக்கு உறுத்தியது.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். எங்கள் பள்ளியில் எமில் ஸோலாவின் ‘ழெர்மினால்’ படித்தோம். நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிகளின் கதை. அதை எழுதியவர் 1902 செப்டம்பர் 29ஆம் தேதி காலை பாரிசில் தன் படுக்கையறையில் இறந்து கிடந்தார். முதல் நாள் மாலை கணப்பில் நிலக்கரி மூட்டியிருந்தார்கள். புகைபோக்கி அடைத்திருந்தது. இரவில் இருவருக்கும் உடம்புக்கு முடியாமல் போயிருக்கிறது. ஏதோ அஜீரணம், வேலைக்காரர்களை எழுப்ப வேண்டாம் என்று ஸோலா மனைவியிடம் சொன்னாராம். மனைவி பிழைத்துக்கொண்டார். வேண்டுமென்றே யாரோ அடைத்தார்கள் என்ற சந்தேகம் இன்றுவரை உண்டு. யார் அடைத்தால் என்ன, அவரைக் கொன்றது கார்பன் மோனாக்சைடு.

அதற்கு நிறமில்லை, மணமில்லை. நெருப்புக்குப் போதிய காற்று கிடைக்காதபோது உண்டாகிறது. ரத்தத்தில் ஆக்சிஜனை விட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். முதலில் தலைவலி, குமட்டல், அசதி. ஜலதோஷம் என்று நினைத்துப் படுத்துவிடுவோம். பிரான்சில் 2015 முதல் எல்லா வீட்டிலும் புகை அலாரம் கட்டாயம். ஆனால் அது இந்த வாயுவுக்குச் சத்தம் போடாது.

மகள் வீட்டில் வெந்நீருக்கும் ரேடியேட்டருக்கும் சேர்த்து ஒரே கேஸ் பாய்லர். சமையற்கட்டில்தான் இருந்தது. பழைய மாடல், அறைக்குள் இருக்கும் காற்றை இழுத்து எரிவது. மாப்பிள்ளையும் நானும் குனிந்து கீழ்த் தகட்டைப் பார்த்தோம். முன்பு குடியிருந்தவர் யாரோ துணியைத் திணித்து மேலே பெயின்ட்டும் அடித்திருந்தார். குளிருக்குப் பயந்து செய்ததுதான். உடனே பாய்லரை நிறுத்தி ஜன்னல்களைத் திறந்துவிட்டோம். அன்று இரவு வீட்டில் எல்லோரும் கோட்டுப் போட்டுக்கொண்டு தூங்கினோம்.

மறுநாள் பாய்லர் பார்க்கும் வயதான ஒருவர் வந்தார். கையில் வாயு அளக்கும் கருவி. துணியை உருவி எடுத்து மேஜை மேல் வைத்துவிட்டு, “முசியே, இது ஓட்டை இல்லை, பாய்லரின் மூக்கு” என்றார். பிறகு மூன்று விதத்துக்கும் தனித்தனியாகப் பதில் சொன்னார்.

பித்தளைக் கிராதிக்கு இப்போது வேலை இல்லை. பின்னால் கண்ணாடிப் பஞ்சு வைத்து அடைக்கலாம்; கிராதி அழகுக்கு இருக்கட்டும். ஆனால் கணப்பை மூடிய பலகையில் சின்னத் திறப்பும், புகைபோக்கி உச்சியில் மழை இறங்காத தொப்பியும் வேண்டும். இரண்டு பக்கமும் அடைத்தால் உள்ளே ஈரம் தங்கிச் சுவர் கெடும்.

சமையற்கட்டுத் தகடுகளை மூடவே கூடாது. பாய்லரை, வெளிக்காற்றை நேரே குழாயில் இழுத்து எரிகிற மூடிய மாடலாக மாற்றலாம். அப்போதும் கேஸ் அடுப்பு இருக்கிறவரை தகடுகள் வேண்டும்.

படுக்கையறைத் திறப்புகளை மாற்றலாம், அடைக்கக் கூடாது. அறைக்குள் ஈரம் கூடினால் தானே அகலமாகத் திறந்து, குறைந்தால் சுருங்குகிற காற்றுவழி ஜன்னலில் பொருத்தக் கிடைக்கிறது. பிரான்சில் 1969இல் வந்த விதி சொல்வதும் இதைத்தான்: காற்று படுக்கையறை, கூடம் வழியாக உள்ளே வந்து, சமையற்கட்டு, குளியலறை வழியாக வெளியே போக வேண்டும். அதற்காகத்தான் கதவுகளுக்கு அடியில் கொஞ்சம் இடைவெளி விடுகிறார்கள். நாம் அதிலும் துணியைச் சுருட்டி வைக்கிறோம்! இன்னொன்றும் சொன்னார். பழைய மாடல் பாய்லர் இருக்கும்போது காற்றை உறிஞ்சும் மின்விசிறியை மாட்டினால், பாய்லரின் புகையையே அது வீட்டுக்குள் திருப்பி இழுத்துவிடக்கூடும். அதனால் முதலில் பாய்லர், பிறகு விசிறி.

வார்ப்பிரும்பு ரேடியேட்டர்களைக் கழற்ற வேண்டாம் என்றார். உள்ளே படிந்த சேற்றைக் கழுவி, சூட்டைக் கட்டுப்படுத்தும் வால்வு மாட்டினால் போதும். பாய்லரை நிறுத்திய பிறகும் நெடுநேரம் சூடு தருபவை அவை.

பழைய தெவி குப்பைக்குப் போனது. புதிய பாய்லருக்குப் பணம் செலவாகத்தான் செய்தது. மகளுக்குத் தலைவலி போய்விட்டது. சமையற்கட்டில் இன்னும் கால் சில்லென்று இருக்கிறது என்கிறாள். கம்பளிக் காலுறை போட்டுக்கொள்ளச் சொன்னேன்.

இது பிரான்சுக்கு மட்டும் உள்ள சங்கதி இல்லை. நம் ஊரிலும் ஏசி வைத்ததும் முதல் வேலையாக வென்டிலேட்டருக்கு அட்டை ஒட்டுகிறோம். சிறிய குளியலறைக்குள் கேஸ் கீசர் மாட்டியவர்கள் அங்கே இருக்கும் ஒரே ஜன்னலை அடைத்தால் அதே ஆபத்துதான்.

பிள்ளைகள் பழைய வீட்டில் இருந்தால், அடுத்த முறை வீடியோவில் பேசும்போது கேளுங்கள்: பாய்லர் எங்கே இருக்கிறது, இந்த வருடம் ஆள் வந்து பார்த்தாரா, தகட்டை யாராவது அடைத்திருக்கிறார்களா, கார்பன் மோனாக்சைடு அலாரம் வாங்கினார்களா. வீட்டுக்குள் வருகிற தலைவலி வெளியே போனால் விடுகிறது என்றால் ஜன்னலைத் திறந்து, பாய்லரை நிறுத்தி, வெளியே வந்து 18க்கோ 112க்கோ அழைக்கச் சொல்லுங்கள். சாப்பிட்டாயா, உடம்பு எப்படி என்று தினமும் கேட்கிறோம். அதோடு இதையும் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம்.