மதீனாவின் குடை நிழலில்

ஃபஜ்ருத் தொழுகை முடிந்து, பொழுது புலர்ந்திருந்த வேளை. 2018-ஆம் ஆண்டில் ஒரு கோடைக்காலம். மதீனா முனவ்வராவில் மஸ்ஜிதுன் நபவியின் வெளி முற்றத்தில், எண்பது வயதைக் கடந்த என் உம்மாவோடு அமர்ந்திருந்தேன். எங்களைச் சுற்றி நெடிய தூண்களாய் நின்றவை மெல்ல அசைந்தன. மொட்டு அவிழ்வதுபோல் ஒவ்வொன்றாக விரிந்து, விளிம்போடு விளிம்பு சேர்ந்து, வானத்தை மறைத்தன. சில நிமிடங்களில் முற்றமெங்கும் நிழல் படர்ந்தது.

"யாரு வாப்பா இதையெல்லாம் விரிக்கிறது?" என்று கேட்டார் உம்மா.

அவர் வியந்ததற்குக் காரணம் உண்டு. 2003-ஆம் ஆண்டுக் கோடையில் நாங்கள் உம்ராவுக்கு வந்தபோது இந்தக் குடைகள் இல்லை. உள்ளே இடம் கிடைக்காமல் இதே முற்றத்தில் ளுஹர் தொழுத உம்மா, வெயில் தாளாமல் மயங்கிச் சரிந்ததை நான் இன்றும் மறக்கவில்லை.

பள்ளியின் உள்முற்றங்கள் இரண்டில் 12 குடைகள் 1992-ஆம் ஆண்டிலேயே அமைக்கப்பட்டுவிட்டன. ஜெர்மானியக் கட்டடக் கலைஞர் மஹ்மூத் போடோ ராஷ் வடிவமைத்தவை அவை. அவற்றின் வழியில், வெளி முற்றத்துக்கு 250 பெருங்குடைகள் 2010-ஆம் ஆண்டை ஒட்டி எழுந்தன. விரிந்த நிலையில் ஒவ்வொன்றும் 25 மீட்டருக்கு மேற்பட்ட பக்கமுடைய சதுரம். பகலில் விரிந்து வெயிலைத் தடுக்கும். மாலையில் மடங்கி, தரையில் தேங்கிய சூடு வானை நோக்கி வெளியேற வழிவிடும். காற்று பலமாக வீசினாலோ விரிந்திருக்கக் கூடாது. ஆகவே நேரம், வெயில், காற்று ஆகிய மூன்றையும் அறிந்தே அவற்றை இயக்க வேண்டும்.

பள்ளியின் உள்ளே சென்றால் கூரையே நகர்கிறது. 1985-இல் தொடங்கி 1994-இல் நிறைவுற்ற விரிவாக்கத்தில் 27 நகரும் குவிமாடங்கள் அமைந்தன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 80 டன் எடை. மின்மோட்டார்களின் துணையால் அவை இருப்புப் பாதையில் வழுக்கி விலகுகின்றன. வெளிக்காற்று இதமாக இருக்கும்போது திறந்தால் வெளிச்சமும் காற்றும் தாமாகவே வரும். ஆனால் குளிரூட்டி முழு வேகத்தில் ஓடும்போது குவிமாடமும் திறந்து கிடந்தால், குளிரெல்லாம் வானத்துக்குத்தான் போகும். ஒன்று செய்வதை மற்றொன்று அறிந்தாக வேண்டும்.

அந்தக் குளிர் பிறக்கும் இடமோ பள்ளியில் இல்லை; ஏறத்தாழ 7 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. பேரிரைச்சலும் அதிர்வும் தொழுகையாளிகளை அண்டாதபடி தொலைவில் நிற்கும் இயந்திர நிலையத்திலிருந்து, குளிர்ந்த நீர் சுரங்கவழிக் குழாய்களில் வருகிறது. அது குளிர்வித்த காற்று, தூண்களின் அடியிலுள்ள சல்லடைகள் வழியே நம் மீது தவழ்கிறது.

இங்கே ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். அமைதியாக அமர்ந்திருக்கும் மனித உடல் சுமார் 100 வாட் வெப்பத்தை வெளியிடும். ஒரு லட்சம் பேர் கூடினால் 10,000 கிலோவாட்! குழாயில் நீர் நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் ஓடுவதாக வைத்துக்கொண்டால், 7 கிலோமீட்டரைக் கடக்க ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். பாங்கு சொல்லி மக்கள் நிறைந்த பிறகு குளிரைக் கூட்டலாம் என்றால், அது வந்து சேருமுன் ஜமாஅத் முடிந்துவிடும். தொழுகை நேரம் கட்டடத்துக்கும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

இத்தகைய கட்டடங்களை ஆளும் முறை வளைகுடாவில் எனக்குச் சோறு போட்ட தொழில். வெப்பம், ஈரம், காற்று, நீர்மட்டம் ஆகியவற்றை உணர்கருவிகள் அளக்கும். அருகிலுள்ள கட்டுப்பாட்டுப் பெட்டிகள் அந்த அளவுகளைக் கொண்டு விசிறிகளையும் வால்வுகளையும் இயக்கும். அவை அனைத்தும் ஒரு மையக் கணினிக்குச் செய்தி அனுப்பும். முற்காலத்தில் ஒரு நிறுவனத்தின் கருவி பேசுவது மற்றொன்றின் கருவிக்குப் புரியாது. அந்தக் குறையைப் போக்க 1995-இல் அமெரிக்கப் பொறியாளர் சங்கமொன்று 'பேக்நெட்' என்னும் பொதுமொழியை வெளியிட்டது. 2003-இல் அது உலகத் தரமாகவும் ஏற்கப்பட்டது. தீயெச்சரிக்கையை மட்டும் தனித்து நிற்க விடுவார்கள். அது மையத்துக்குச் செய்தி சொல்லும்; ஆனால் மையம் செயலிழந்தாலும் தன் கடமையைச் செய்யும்.

இவ்வளவையும் கற்ற நான் ஒருமுறை தவறினேன். நான் பணிபுரிந்த அலுவலகக் கட்டடத்தில் ஓர் இரவு, துப்புரவுப் பணியாளர் ஒருவர் மேல்மாடியிலிருந்து தொலைபேசியில் அழைத்து, புழுக்கம் தாங்கவில்லை என்றார். என் திரையில் 23 டிகிரி. "எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது" என்றேன். மீண்டும் அழைத்தார், அதே பதிலைச் சொன்னேன். மூன்றாம் முறை அழைத்தவர் வேறொருவர். முதலில் பேசிய முதியவர் மயங்கி உட்கார்ந்துவிட்டார் என்றார். ஓடிப்போய்ப் பார்த்தேன். யாரோ நகர்த்தி வைத்த அலமாரி உணர்கருவியை மறைத்திருந்தது. இடுக்கில் கசிந்த குளிர்காற்று மட்டுமே அதன்மேல் பட்டுக்கொண்டிருந்தது. கருவி பொய் சொல்லவில்லை. தன்னைச் சுற்றியிருந்ததைத்தான் சொன்னது. மனிதன் சொன்னதைத் தள்ளிவிட்டுத் திரையை நம்பியவன் நான். முதியவர் தண்ணீர் குடித்துத் தெளிந்து, என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். அந்தப் புன்னகை இன்றும் என்னைச் சுடுகிறது.

இந்த நிகழ்ச்சியையும் குடைகளின் கதையையும் உம்மாவுக்குப் புரியும்படி சொன்னேன். பொறுமையாகக் கேட்டவர், "நம்மூர் மோதினார் மாதிரின்னு சொல்லு" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது; பிறகு சிந்தனை வந்தது. எங்கள் மோதினார் ஹவுளில் நீர் குறைந்தால் மோட்டாரைப் போடுவார். நிறைந்தால் ஓடிவந்து நிறுத்துவார். சாரல் அடித்தால் சன்னலைச் சாத்துவார். கூட்டம் வருமுன் விசிறிகளைச் சுழலவிட்டு, கலைந்ததும் விளக்கை அணைப்பார். முதியவர் ஒருவர் "புழுக்கமா இருக்கே" என்றால், மறுபேச்சின்றி எழுந்து வந்து பார்ப்பார்.

முதல் ஐந்து வேலைகளையும் இன்று கணினி செய்துவிடும். ஆறாவது வேலைக்கு மனிதன் வேண்டும்.

அன்று ளுஹரையும் அஸரையும் உம்மா அதே முற்றத்தில், பெண்களுக்கான பகுதியில் தொழுதார். மயக்கமில்லை, களைப்புமில்லை. அஸருக்குப் பின் சந்தித்தபோது அவர் கையேந்தி துஆச் செய்துகொண்டிருந்தார். "யாருக்காக உம்மா?" என்றேன்.

"குடை பிடிச்சவங்களுக்கு" என்றார்.