திருமலையில் கேட்டுச் சாப்பிட்ட ஒரு கோப்பை



பயணம் போய் வந்தவர்கள் பார்த்த இடங்களைப் பற்றி எழுதுவார்கள். நான் இம்முறை சாப்பிட்ட ஒரு கோப்பையைப் பற்றி எழுதப் போகிறேன். திருகோணமலைக்குப் போய்க் கோட்டையைப் பற்றியும் வெந்நீர்க் கிணறுகளைப் பற்றியும் எழுதாமல் சாப்பாட்டைப் பற்றி எழுதுகிறாளே என்று நினைக்காதீர்கள். அந்தத் துறைமுகத்தின் கதையும் எங்கள் வீட்டுக் கதையும் அந்த ஒரே கோப்பைக்குள்தான் கிடந்தன.

என் கணவரின் சொந்த ஊர் மூதூர். நாங்கள் கொழும்பில் இருக்கிறோம். பாடசாலை விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தோம். என் மகளுக்குப் பதினான்கு வயது. கொரிய, ஜப்பானிய நாடகங்களைக் கைபேசியில் பார்த்துப் பார்த்து அவளுக்கு ஓர் ஆசை. பெரிய கோப்பையில் ஆவி பறக்க வரும் ராமென் என்ற நூடுல்ஸ் சூப்பை ஒரு நாளாவது சாப்பிட வேண்டும். கொழும்பில் கேட்ட போதெல்லாம் மறுத்துவிட்டோம். காரணம் உங்களுக்குத் தெரியும். உள்ளே என்ன இருக்கிறதென்று எங்களுக்குத் தெரியாது.

மலேசியாவில் ஹோட்டல் சமையலறையில் வேலை செய்து திரும்பிய ஒரு முஸ்லிம் தம்பி திருமலைத் துறைமுகப் பக்கம் சிறியதாக ஒரு சாப்பாட்டுக் கடை போட்டிருப்பதாகக் கணவர் கேள்விப்பட்டிருந்தார். மாமிக்கும் கண் வைத்தியரைக் காட்ட வேண்டியிருந்தது. எல்லோருமாகப் புறப்பட்டோம்.

மாமியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் கோதுமை மாவுப் பண்டம் எதையும் தொடமாட்டார். பாண் இல்லை, ரொட்டி இல்லை, கொத்து இல்லை. கல்யாணமாகி வந்த புதிதில் சீனி வியாதியாக்கும் என்று நினைத்தேன். பிறகு அது அவருடைய குணம் என்று விட்டுவிட்டேன். ஏன் என்று ஒரு நாளும் கேட்கவில்லை.

மாவாலையைக் கடந்து

மூதூரிலிருந்து தரை வழியாகப் போனால் கிண்ணியாப் பாலத்தைக் கடக்க வேண்டும். 396 மீற்றர் நீளமான இந்தப் பாலம் சவூதி அரேபியாவின் நிதியுதவியோடு கட்டப்பட்டு 2009 ஒக்டோபரில் திறக்கப்பட்டது. அதற்கு முன் அந்த இடத்தில் படகுப் பாதைதான். பேறுகாலப் பெண்ணானாலும் பாதை வரும்வரை கரையில் காத்திருக்க வேண்டும்.

பாலம் தாண்டினால் சீனக்குடா. விமானத் தளம், இரண்டாம் உலகப் போருக்கு முன் பிரிட்டிஷார் கட்டத் தொடங்கிய ஏறத்தாழ நூறு எண்ணெய்த் தாங்கிகள், சீமெந்து ஆலை. அவற்றோடு கடலோரத்தில் கோட்டை போல் எழும்பி நிற்கும் பிரிமா மாவாலை. சிங்கப்பூர் நிறுவனமான பிரிமா 1977இல் இலங்கை அரசோடு ஒப்பந்தம் செய்து 1980இல் இதை இயக்கத் தொடங்கியது. இலங்கையில் கோதுமை விளைவதில்லை. கப்பலில் வரும் கோதுமை இந்தத் துறைமுகத்தில் இறங்கி, அரைபட்டு, நாடெங்கும் பாணாகவும் ரொட்டியாகவும் கொத்தாகவும் போகிறது. கொத்து ரொட்டியின் சுவையில் ‘கொத்துமீ’ என்று ஒரு நூடுல்ஸையும் பிரிமா விற்கிறது. தெருக்கடைக் கொத்தும் சீனத்து மீயும் ஒரே பைக்கற்றில் சேர்ந்துவிட்டன.

இதையெல்லாம் கணவர் மகளுக்குச் சொல்லிக்கொண்டு வந்தார். அவள் திடீரென்று திரும்பி, “வாப்பும்மா, நீங்க மட்டும் ஏன் மாவுச் சாப்பாடு சாப்பிடுறதில்ல?” என்று கேட்டாள்.

நான் பதினாறு வருடமாகக் கேட்காத கேள்வி.

மாமி ஜன்னலுக்கு வெளியே மாவாலையைப் பார்த்தபடியே சொன்னார். 2006 ஆகஸ்ட் தொடக்கத்தில் மூதூரில் சண்டை மூண்டபோது ஊரே வெளிக்கிட்டுக் கந்தளாய்ப் பக்கம் நடந்தது. மாமியின் உம்மாவுக்கு அப்போது எழுபத்தைந்து வயது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பான் விமானங்கள் திருமலையில் குண்டு போட்டபோது, சின்னப் பிள்ளையாகத் தன் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு காட்டுக்குள் ஓடியவர் அவர். அறுபத்து நான்கு வருடம் கழித்து மகளின் கையைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் நடந்தார்.

“அங்க தந்தது கோதம்ப மாவு. உப்புத் தண்ணி விட்டுப் பிசைஞ்சு ரொட்டி சுடுவோம். உம்மாக்குப் பல்லில்ல. தேத்தண்ணில ஊறப்போட்டுக் குடுப்பன். விழுங்க மாட்டாம வாயில வச்சிக்கிட்டே இருப்பா. சில கிழமையில மத்தவங்க ஊருக்குத் திரும்பின. உம்மா அங்கயே மௌத்தாகிட்டா.”

வானுக்குள் யாரும் பேசவில்லை. மாவாலை பின்னால் போய் மறைந்தது.

கேட்பதில் வெட்கம் ஏது?

வைத்தியரைப் பார்த்து முடித்து, துறைமுகத்துக்குப் போகும் வீதியை ஒட்டிய ஓர் ஒழுங்கையில் அந்தக் கடையைக் கண்டுபிடித்தோம். ஆறு மேசைகள். சுவரில் கையால் எழுதிய பட்டியலில் மீ கோரெங், நாசி கோரெங், கொத்து, ராமென் எல்லாம் அடுத்தடுத்து இருந்தன. ஒரு மேசையில் துறைமுகத் தொழிலாளர் இருவர் சிங்களத்தில் பேசியபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இன்னொன்றில் நெற்றியில் திருநீறு பூசிய ஓர் ஐயாவும் அவர் பேரனும். வெளியே மரத்தடியில் ஒரு புள்ளிமான் மரக்கறிக் குப்பையை முகர்ந்துகொண்டு நின்றது. திருமலையில் மான்கள் ஊருக்குள்ளேயே திரியும்.

கடை முஸ்லிமுடையதுதான். அதற்காகக் கேட்காமல் இருக்கலாமா? எனக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. மாமிக்குக் கூச்சமே இல்லை. “மகன், இந்தச் சூப்புக்குள்ள என்னென்ன போடுற?” என்று நேரே கேட்டார்.

அந்தத் தம்பி முகம் சுளிக்கவில்லை. “நல்ல கேள்வி உம்மா. கேட்டுத்தான் சாப்பிடணும்” என்று மேசையருகே வந்து நின்று விளக்கினார்.

ஜப்பானில் ராமென் சூப் பல வகை. ‘டொன்கொட்சு’ என்பது பன்றி எலும்பை மணிக்கணக்கில் கொதிக்க வைத்து எடுப்பது. மேலே வைக்கும் ‘சாஷு’ துண்டுகளும் பெரும்பாலும் பன்றி இறைச்சியே. சூப் கோழியாக இருந்தாலும் ருசிக்கு விடும் ‘மிரின்’, ‘சாகே’ இரண்டும் அரிசியிலிருந்து எடுக்கும் மது வகைகள். ஆகவே ‘கோழி ராமென்’ என்று எழுதியிருந்தால் மட்டும் போதாது. உடனடி நூடுல்ஸ் பைக்கற்றிலும் சுவைத்தூள் எதிலிருந்து எடுத்தது என்று பார்க்க வேண்டும். இலங்கையில் 2013ஆம் ஆண்டுச் சர்ச்சைக்குப் பின் அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா ஹலால் சான்றிதழ் வழங்குவதை நிறுத்தியது. 2014 முதல் தனியான ஒரு ஹலால் சான்றுறுதிப் பேரவை அதைச் செய்து வருகிறது.

“நான் கோழி எலும்புதான் போடுறன். மாட்டெலும்பு போட்டா இன்னும் ருசி வரும். ஆனா இந்த ஒழுங்கையில எல்லாச் சனமும் சாப்பிட வருது. இருக்கிறது ஒரு சட்டி. அதுல எல்லாரும் சாப்பிடணும்” என்றார்.

அந்த ஐயா எங்களைப் பார்த்துச் சிரித்தார். “நானும் முதல் நாள் இதைத்தான் கேட்டேன் அம்மா. மாடா என்று!”

நாங்கள் ஒன்றுக்கு அஞ்சிக் கேட்டோம், அவர் இன்னொன்றுக்கு அஞ்சிக் கேட்டிருக்கிறார். இருவருக்கும் பதில் சொன்னது ஒரே சட்டி.

மாசியும் கடற்பாசியும்

ராமென் ஜப்பானின் பழைய உணவு என்று நினைத்திருந்தேன். அப்படியில்லை. சீனத்திலிருந்து போய் யோகோஹாமா போன்ற துறைமுகங்களில் குடியேறியவர்கள் கொண்டுபோன கோதுமை நூடுல்ஸ் அது. 1910இல் டோக்கியோவின் அசாகுசாவில் திறந்த ‘ராய்ராய்கென்’ என்ற கடைதான் அதை ஊரறியச் செய்தது. போருக்குப் பின் பஞ்சத்தில் வாடிய ஜப்பானுக்கு அமெரிக்கக் கோதுமை வந்து குவிந்தபோது அது ஏழைகளின் வயிற்றை நிரப்பியது. 1958இல் மொமொஃபுகு ஆண்டோ என்பவர் நூடுல்ஸை எண்ணெயில் பொரித்து உலர்த்தி, வெந்நீர் ஊற்றினால் போதும் என்ற உடனடி நூடுல்ஸைக் கண்டுபிடித்தார்.

ராமென் என்ற சொல்லே ‘லாமியான்’ என்ற சீனச் சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். கையால் இழுத்த நூடுல்ஸ் என்று பொருள். சீனத்தின் லான்சோ நகரில் ஹூய் முஸ்லிம்கள் செய்து விற்கும் மாட்டிறைச்சி லாமியான் இன்றும் அந்நாடு முழுவதும் பெயர் பெற்றது. அந்தப் பெயர் வழியே பார்த்தால், பன்றி எலும்புச் சூப்புக்கு ஒரு ஹலாலான உறவினர் சீனத்தில் இருக்கிறார்!

இன்னும் நெருங்கிய உறவு நம் அடுப்படியிலேயே இருக்கிறது. ஜப்பானியர் சூப்புக்குச் சூரை மீனை அவித்து, புகையூட்டி, கல்லாகக் காய வைத்துச் சீவிப் போடுகிறார்கள். கேட்டதும் மாமி, “அது நம்மட மாசிதானே!” என்றார். உண்மைதான். மாலைதீவிலிருந்து வந்து நம் சம்பலிலும் சுண்டலிலும் விழும் மாசியும் அதே மீனை அதே முறையில் பக்குவம் செய்ததுதான். அந்தத் தம்பியும் மாசியைத்தான் போடுகிறார். நோன்பு திறக்க நாம் காய்ச்சும் கடற்பாசியும் ஜப்பானியர் உலகுக்குக் கொடுத்தது. பாசியை அவர்கள் தாளாக்கிச் சூப்பில் வைக்கிறார்கள், நாம் பாலும் சீனியும் சேர்த்து வெட்டித் தின்கிறோம்.

மாமி கேட்ட இடியாப்பம்

மகளுக்குக் கோப்பை வந்தது. மஞ்சள் நூடுல்ஸ், பாதியாக வெட்டிய முட்டை, கோழித் துண்டுகள், வெங்காயத் தாள். மாமி, “எனக்கு மாவு வேணாம். இடியாப்பம் இருக்கா மகன்?” என்றார். இரவுக்கு அவித்த அரிசிமா இடியாப்பம் இருந்தது. இரண்டைக் கோப்பையில் வைத்து, மேலே அதே சூப்பை ஊற்றிக் கொண்டுவந்தார் தம்பி. மாமி தேசிக்காய் பிழிந்து குடித்தார். நானும் ருசி பார்த்தேன். இஞ்சியும் மாசியும் மணக்க, தொண்டைக்கு இதமாக இருந்தது.

மகள் சாப்பிட்டுக்கொண்டே இருந்தாள். மாமி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கரண்டியை நீட்டி அவள் கோப்பையிலிருந்து கொஞ்சம் நூடுல்ஸை எடுத்தார். பிஸ்மி சொல்லி வாயில் வைத்தார். மெதுவாக விழுங்கினார்.

“நல்ல மெதுவா இருக்கு” என்றார். சற்றுப் பொறுத்து, “இப்பிடிச் சூப்புல போட்டு ஆக்கிக் குடுத்திருந்தா உம்மா விழுங்கியிருப்பா” என்றார்.

மகள் ஒன்றும் பேசாமல் தன் கோப்பையை வாப்பும்மாவின் பக்கம் தள்ளி வைத்தாள். இருவரும் அதிலேயே சாப்பிட்டார்கள்.

வீட்டில் செய்ய

ஊருக்கு வந்ததும் வீட்டில் செய்து பார்த்தேன். ஒரு கிலோ கோழி எலும்பைக் கழுவி, கொதிநீரில் ஒரு முறை போட்டெடுத்து, மூன்று லீற்றர் தண்ணீரில் இஞ்சி, பூண்டு, வெங்காயம் சேர்த்துக் குறைந்த தீயில் மூன்று மணி நேரம் விடுங்கள். இறக்குவதற்குச் சற்று முன் ஒரு துண்டு மாசியைச் சீவிப் போட்டு வடித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கோப்பையிலும் முதலில் ஹலால் முத்திரையுள்ள சோயா சோஸ் ஒரு மேசைக்கரண்டி, மிரினுக்குப் பதிலாகச் சிறிது சீனி, சில துளி தேசிக்காய்ப் புளி விட்டு, அதன் மேல் சூப்பை ஊற்ற வேண்டும். நூடுல்ஸ் அவிக்கும் தண்ணீரில் ஒரு சிட்டிகை ஆப்பச் சோடா போட்டால் ராமென் போல மஞ்சளாகித் துள்ளும். காரத் தண்ணீரில் மாவைப் பிசைவதுதான் ராமெனின் இரகசியம். வீட்டில் முதியவர்களோ நோயாளிகளோ இருந்தால் இடியாப்பத்தில் ஊற்றிக் கொடுங்கள்.

சகோதரிகளே, வெளியில் சாப்பிடப் போனால் கோப்பையில் என்ன இருக்கிறது என்று கேட்க வெட்கப்படாதீர்கள். நல்ல சமையற்காரர் கோபிக்க மாட்டார். அதே போல வீட்டில் ஒருவர் ஒரு சாப்பாட்டை ஒதுக்கினால் அதையும் கேளுங்கள். பதினாறு வருடம் நான் ஒரே அடுப்படியில் நின்றும் கேட்கவில்லை. ஒரு பிள்ளை கேட்டது.