பல்கனி மின்நிலையம்: ஜேர்மனியில் வாடகைக் குடியிருப்பும் சூரிய மின்சாரமும்

ஜேர்மனியின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில், பல்கனித் தடுப்புக் கம்பிகளுக்கு வெளியே கருநிறச் சூரியத் தகடுகள் தொங்குவது அண்மைய ஆண்டுகளில் வழமையான காட்சியாகிவிட்டது. டொச்சு மொழியில் 'பல்கோன்கிராஃப்ட்வெர்க்', அதாவது 'பல்கனி மின்நிலையம்', எனப்படும் இவ்வமைப்பு, ஓரிரு சூரியத் தகடுகளையும், அவை தரும் நேரோட்டத்தை வீட்டில் புழங்கும் ஆடலோட்டமாக மாற்றும் சிறிய இன்வேட்டரையும், சாதாரணச் சொக்கற்றில் செருகத்தக்க ஒரு பிளக்கையும் கொண்டது. கூரைக்கு உரிமையில்லாத வாடகைக் குடியிருப்பாளர் தம் கையாலேயே பூட்டி இயக்கக்கூடிய மின்னாக்கி என்பதே இதன் சிறப்பு. மக்களில் பாதிக்கும் மேற்பட்டோர் வாடகை வீடுகளில் வாழும் இந்நாட்டில் குடியேறிய தமிழர்களுக்கு இது ஒரு மின்சாதனம் மட்டுமன்று. எதுவரை தம் கை செல்லலாம், எங்கே அது நிற்க வேண்டும் என்பதை இந்நாடு வகுத்துள்ள முறையைக் கற்பிக்கும் பாடமுமாகும்.

சூரிய மின்சாரத்துக்கு ஜேர்மனிய அரசு அளித்த ஊக்கம் நீண்ட வரலாறுடையது. தனியார் புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து ஆக்கும் மின்சாரத்தை விநியோக நிறுவனங்கள் வாங்கியே தீர வேண்டும் என்ற சட்டம் 1991இல் நடைமுறைக்கு வந்தது. 2000ஆம் ஆண்டின் புதுப்பிக்கத்தக்க எரிசக்திச் சட்டம் அதற்கு இருபது ஆண்டுகளுக்கு நிலையான விலையை உறுதிசெய்தது. ஆயினும் இவற்றின் பயன் பெரும்பாலும் சொந்தக் கூரையுடையோருக்கே கிட்டியது. பல்கனிக்கான வாயில் பிற்காலத்திலேயே அகலத் திறந்தது. 2023 ஜனவரி முதல் இத்தகடுகளுக்கான விற்பனை வரி பூச்சியமாக்கப்பட்டது. 2024 மே மாதத்தில் இன்வேட்டருக்கான உச்ச வரம்பு 600 வாட்டிலிருந்து 800 ஆக உயர்த்தப்பட்டு, பதிவு நடைமுறையும் எளிதாக்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில், தக்க காரணமின்றி வீட்டுரிமையாளர் இதனை மறுக்க முடியாதவாறு வாடகைச் சட்டமும் திருத்தப்பட்டது. 2025இன் நடுப்பகுதியில் பதிவான பல்கனி அமைப்புகள் பத்து இலட்சத்தைத் தாண்டின.

1983க்குப் பின்னர் இந்நாட்டில் அடைக்கலம் தேடிய ஈழத்தமிழர்களுள், குறிப்பாகத் தொண்ணூறுகளில் வந்துசேர்ந்தோருக்கு, மின்சாரத்தைத் தாமே ஆக்குதல் புதிய அனுபவமன்று. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டதும் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கான மின்விநியோகம் அறுந்து ஆண்டுக்கணக்கில் மீளாதிருந்தது. வானொலிக்கான உலர்மின்கலங்களும் தடைசெய்யப்பட்ட பொருள்களாயின. அக்காலத்தில் ஜாம் போத்தலில் சிறிது மண்ணெண்ணெய் விட்டுத் திரியிட்டு எரித்த விளக்கு வீட்டுக்கு ஒளி தந்தது. தலைகீழாக நிறுத்திய சைக்கிளின் மிதியை ஒருவர் கையால் சுற்ற, அதன் டைனமோ தந்த மின்சாரத்தில் ஏனையோர் பி.பி.சி. தமிழோசையைக் கேட்டனர். அத்தகைய டைனமோ 6 வோல்ட் அழுத்தத்தில் ஏறத்தாழ 3 வாட் திறனையே தரும். இன்று பல்கனியில் சட்டம் அனுமதிக்கும் 800 வாட், அவ்வகையில் ஏறத்தாழ 270 டைனமோக்களை ஒருசேரச் சுற்றுவதற்கு ஒப்பாகும்.

புலம்பெயர்ந்தோர் தம் ஊர் அறிவைத் திருத்திக்கொள்ள வேண்டிய முதலாவது இடம் சூரியனின் நிலையாகும். வட அகலக்கோடு ஏறத்தாழ 9.7 பாகையில் அமைந்த யாழ்ப்பாணத்தில், சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாள்களில் நண்பகற் சூரியன் நேர் உச்சியில் நிற்பதால், அங்கே தகடு ஏறக்குறையப் படுத்தநிலையில் இருப்பதே முறை. தமிழரின் ஸ்ரீ காமாட்சி அம்பாள் ஆலயம் எழுந்துள்ள ஹம் நகரமோ 51.7 பாகையில் உள்ளது. மார்கழியில் அங்கே நண்பகற் சூரியன் தொடுவானத்திலிருந்து ஏறத்தாழ 15 பாகை உயரமே எழுகிறது. தாழ்ந்த அக்கதிர்கள் செங்குத்தாகத் தொங்கும் தகட்டில் ஏறத்தாழ நேராக வீழ்கின்றன என்பதால், தெற்கு நோக்கிய பல்கனி தெளிந்த குளிர்கால நாளில் சாய்வு குறைந்த கூரையை விஞ்சவும் கூடும். எனினும் அப்பகல் எட்டு மணி நேரமே நீடிக்கும். முகில் மூடிய நாள்களே மிகுதி. ஆண்டு முழுவதற்குமாகக் கணக்கிட்டால், 440 வாட் தகடுகள் இரண்டு, நிழல்படாத தெற்குப் பல்கனியில் செங்குத்தாகத் தொங்கும்போது ஏறத்தாழ 600 கிலோவாட் மணி மின்சாரத்தைத் தரும்.

இம்மின்சாரம் முழுவதும் வீட்டுக்குப் பயன்படுவதில்லை என்பதும் கருதத்தக்கது. ஆக்கப்படும் கணத்திலேயே நுகரப்படாத பகுதி பொது மின்வலையமைப்புக்குள் சென்றுவிடுகிறது; பல்கனி உரிமையாளர்கள் பெரும்பாலும் அதற்கு விலை பெறுவதில்லை. ஆகவே இலாபம் தகட்டைவிடச் சமையலறையின் நேர ஒழுங்கிலேயே தங்கியுள்ளது. 700 வாட் சோற்றுக் குக்கர் நண்பகலில் இயங்கும்போது தகடுகள் 500 வாட் தந்தால், வெளியிலிருந்து வாங்க வேண்டியது 200 வாட் மட்டுமே. அதே சோற்றை, வேலை முடிந்து வந்து இரவு எட்டு மணிக்குச் சமைத்தால் 700 வாட்டுக்கும் பணம் செலுத்த வேண்டும். ஒரு கிலோவாட் மணி 30 சென்டுக்கு மேல் விற்கும் நாட்டில், உளுந்து அரைப்பதையும் துணி துவைப்பதையும் வெயில் நேரத்துக்கு மாற்றிக்கொள்ளும் இல்லங்கள் தகட்டின் விலையை விரைவில் மீட்டுவிடுகின்றன.

வயர்களைப் பொறுத்தவரை இரண்டு வரையறைகளின் காரணம் அறியப்பட வேண்டும். ஜேர்மனிய வீடுகளில் சொக்கற்றுகளுக்கான செப்பு வயர் பொதுவாக 1.5 சதுர மில்லிமீற்றர் குறுக்குவெட்டுடையது. அதனை 16 ஆம்பியரில் இயங்கும் சுற்றுடைப்பான், அதாவது அளவுமீறிய ஓட்டத்தில் தானே அறுந்துகொள்ளும் சுவிட்ச், காக்கிறது. பல்கனி அமைப்பு அச்சுவிட்சுக்கு அப்பால், வீட்டுப் பக்கத்திலிருந்து மேலும் 3.5 ஆம்பியரை ஊட்டுவதால், வயரில் 19 ஆம்பியருக்கு மேல் ஓடினும் காவற்சாதனம் அதனை உணராது. வயர் தாங்கக்கூடிய அளவுக்குள் இவ்வூட்டத்தை அடக்கி வைப்பதே 800 வாட் வரம்பின் தொழில்நுட்பப் பயன். இரண்டு அமைப்புகளை ஒரே பலவாய்ச் சொக்கற்றில் செருகுவது இக்கணக்கை முறித்துவிடும். மேலும், தகட்டிலிருந்து வரும் நேரோட்டம் ஆடலோட்டத்தைப் போல வினாடிக்கு நூறு தடவை பூச்சியத்தைத் தொடுவதில்லை. எனவே ஓட்டம் நிகழ்கையில் அதன் இணைப்பியைப் பிடுங்கினால் எழும் பொறி எளிதில் அணையாது. முதலில் பிளக்கைக் கழற்றி, பின்னரே தகட்டு வயரைக் கழற்றுதல் முறையான வரிசை.

ஊரில் மின்வெட்டோடு வாழ்ந்து பழகியோரை வியக்கவைக்கும் செய்தி மற்றொன்று. வெளியே வெயில் எரித்தாலும், பொது மின்சாரம் நின்றவுடன் பல்கனி மின்நிலையமும் நின்றுவிடும். இன்வேட்டர் வலையமைப்பின் 230 வோல்ட் அழுத்தத்தையும் 50 ஹேர்ட்ஸ் அதிர்வையும் இடைவிடாது கண்காணித்து, அவை மறைந்தால் 0.2 வினாடிக்குள் தன்னைத் துண்டித்துக்கொள்ளுமாறு விதிக்கப்பட்டுள்ளது. பிடுங்கப்பட்ட பிளக்கின் வெற்று முனைகளைத் தொடும் குழந்தையையும், மின்சாரம் இல்லையென நம்பிக் கம்பியில் வேலைசெய்யும் தொழிலாளியையும் காப்பது இவ்விதியே. டைனமோ வலையமைப்பு அறுந்த ஊரில் தனித்து இயங்கிய கருவி. பல்கனித் தகடோ வலையமைப்பின் அனுமதியோடு மட்டுமே இயங்கும் கருவி.

பகல் வெயிலை இரவுக்குச் சேமிக்கும் மின்கலத் தொகுதிகளும் இப்போது பல்கனிக்கென விற்கப்படுகின்றன. இவற்றில் பெரும்பாலானவை லித்தியம் இரும்பு பொஸ்பேற்று வகையின. கலம் ஒன்றின் அழுத்தம் 3.2 வோல்ட், பதினாறு கலங்கள் தொடராக இணைந்தால் 51.2 வோல்ட். ஏனைய லித்தியம் வகைகளைவிட இவை வெப்பத்தைத் தாங்குவன. எனினும் உறைநிலைக்குக் கீழ் மின்னேற்றினால் கலத்தினுள் லித்தியம் உலோகமாகப் படிந்து நிரந்தரச் சேதம் விளையும். வெப்பமூட்டி இல்லாத தொகுதியை ஜனவரிப் பல்கனியில் விட்டுவைத்தல் ஆகாது. தனிக்கலங்களை வாங்கித் தாமே தொகுதி கட்டுவோரும் உளர். அங்கே ஒரு ஸ்பானர் இரு முனைகளின் குறுக்கே வீழ்ந்தால் ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாய்ந்து இரும்பையே உருக்கும். 51 வோல்ட் உடலைத் தாக்காது என்ற எண்ணத்தில் வரும் துணிவே இப்பணியின் பெரிய ஆபத்து.

இத்தகடு அயலவருடனான உறவையும் தொடுகிறது. சட்டம் உரிமை தந்தாலும் வீட்டுரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி கேட்பதும், 20 கிலோவுக்கு மேற்பட்ட தகடு காற்றில் கழன்று விழாதவாறு பூட்டப்பட்டதைக் காட்டுவதும் எதிர்பார்க்கப்படுகின்றன. ஞாயிறு இந்நாட்டில் சட்டம் காக்கும் ஓய்வுநாளாதலால் துளையிடும் இயந்திரத்தின் ஓசை அன்று எழலாகாது. வேலைக்குப் போகும் கணவன், மனைவி இருவருக்கும் ஞாயிறே ஓய்வு வாய்க்கும் தமிழ்க் குடும்பங்கள், இதனால் கம்பி பூட்டும் பணியைச் சனிக்கிழமைக்கு ஒதுக்கக் கற்றுக்கொள்கின்றன.

சுவருக்கு வெளியே உள்ளதை யாரும் பூட்டலாம். சுவருக்குள் ஓடும் வயரையும் மின்மானிப் பெட்டியையும் மாற்றும் உரிமை பதிவுபெற்ற மின்பணியாளருக்கே உண்டு. ஊரில் எல்லாவற்றையும் தம் கையால் திருத்திப் பழகியவருக்கு இந்த எல்லை முதலில் அவநம்பிக்கையாகத் தோன்றலாம். ஆனால் ஒரே கட்டடத்தில் பல குடும்பங்கள் உறங்கும் வாழ்க்கையில் அது நியாயமான எல்லையே. எனவே பல்கனியில் தகடு பூட்ட எண்ணும் வாசகர்கள் அதனைத் தயங்காது தாமே பூட்டட்டும். இயக்கத் தொடங்கி ஒரு மாதத்துக்குள் அரசின் பதிவேட்டில் பதிவுசெய்யட்டும். பழைய சொக்கற் சூடாவதை உணர்ந்தால் உடனே பிளக்கைக் கழற்றி மின்பணியாளரை அழைக்கட்டும். வீடு மாறும் நாளில் நான்கு திருகாணிகளைக் கழற்றினால் மின்நிலையமும் உடன் வரும்.