அடுத்த ஐயர் எங்கே படிக்கப்போகிறார்?

எங்கள் கோயிலின் பொதுக்கூட்ட அழைப்பு வழமையாக ஒரு பக்கம்தான் இருக்கும். கணக்கறிக்கை, திருவிழாச் செலவு, வாகனத் தரிப்பிடப் பிரச்சினை, பிறகு தேநீர். இந்த வருடக் கடிதத்தில் புதிதாக இரண்டு விடயங்கள் இருந்தன. ஒன்று, தலைவர் விலகுகிறார், புதிய நிர்வாகம் தெரிவாக வேண்டும். மற்றது, புரட்டாதியில் தொடங்கவிருக்கும் ஒரு பயிற்சி வகுப்பு. கோயிற் கிரியைகள், திருமுறை, டொச் மொழியில் சமயம் சொல்லப் பழகுதல். பதினான்கு வயதுக்கு மேல், ஆண் பெண் இருபாலாரும் சேரலாம். அந்த "இருபாலாரும்" என்ற சொல்லுக்குப் பக்கத்தில் யாரோ பேனையால் பெரிய கேள்விக்குறி போட்டு, அதைப் படமெடுத்து வட்சப்பில் சுற்றவிட்டிருந்தார்கள்.

கோயிலின் பெயரை நான் எழுதவில்லை. எழுதினால் ஒரு கிழமைக்கு எனக்கு நித்திரை இருக்காது. ஆனால் சுவிசில் இருக்கிற இருபதளவு சைவக் கோயில்களில் உங்களுடையது எதுவாக இருந்தாலும் இந்தக் கதை உங்களுக்கும் பழக்கமானதாக இருக்கும். தொடங்கியவர்களுக்கு வயது போய்விட்டது. நாங்கள் இன்னும் வாகனத்தில் இருந்தபடி, பூசை முடிந்ததா என்று அம்மாவுக்கு அழைப்பு எடுத்துக் கேட்கிறோம்.

இந்த நாட்டில் ஒரு சங்கம் தொடங்குவது லேசு. சிவில் சட்டத்தின் 60ஆம் பிரிவின்படி எழுத்தில் ஒரு யாப்பு இருந்தால் சரி. எங்கட அப்பாமார் பகலில் உணவகச் சமையலறைகளில் பாத்திரம் கழுவிப்போட்டு, இரவில் கூட்டம் வைத்து, யாப்பு எழுதி, தொழிற்பேட்டையில் ஒரு பழைய மண்டபத்தை வாடகைக்கு எடுத்தார்கள். அட்லிஸ்விலில் சில் ஆற்றோரம் இருக்கிற சிவசுப்பிரமணியர் கோயில் 1994இல் தொடங்கியது. எங்களுடையது அதற்குப் பின். யாப்பின்படி இரண்டு வருடத்துக்கு ஒருமுறை தலைவர் தெரிவு. எங்கள் தலைவர் பத்தொன்பது வருடம் இருந்தார். அதிகார ஆசை என்று சிலர் சொல்லுவினம். வேறு ஒருவரும் கை உயர்த்தவில்லை என்பதும் உண்மைதான். சீர்திருத்த, கத்தோலிக்கத் திருச்சபைகளுக்குப் பெரும்பாலான மாநிலங்களில் திருச்சபை வரி இருக்கிறது, போதகருக்குச் சம்பளம் மாதம் தவறாமல் வரும். சைவத்துக்கு எந்த மாநிலமும் அப்படி ஒரு அங்கீகாரம் தரவில்லை. அர்ச்சனைச் சிட்டையும் திருவிழா உபயமும்தான் எங்கட வரி. தலைவர் மாறுகிறார் என்றால் மாலை மரியாதை மாறுவதில்லை, வாடகை ஒப்பந்தத்தில் இருக்கும் கையெழுத்து மாறுகிறது.

ஆனால் தலைவரை எப்படியாவது கண்டுபிடிக்கலாம். ஐயரை எங்கே தேடுவது?

இதுவரை ஊரிலிருந்தோ இந்தியாவிலிருந்தோ கூப்பிட்டோம். அங்கே அவர்கள் தகப்பனிடமும் குருகுலத்திலும் படித்து, சமய தீட்சை, விசேட தீட்சை, நிர்வாண தீட்சை என்று படிப்படியாகப் பெற்று, திருமணம் முடித்து, ஆசாரிய அபிஷேகம் ஆனபிறகுதான் மூலஸ்தானத்தில் முழுப் பொறுப்பு எடுப்பார்கள். நீண்ட படிப்பு. அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் 2019 சனவரி 1 முதல் வெளிநாட்டவர் சட்டத்தில் ஒரு புதிய பிரிவு இருக்கிறது. சமயப் பணிக்கு இங்கே வருபவர் இந்த நாட்டின் சமூக, சட்ட ஒழுங்கை அறிந்தவராகவும், வேலை செய்யும் இடத்தில் பேசப்படும் தேசிய மொழியில் கதைக்கக்கூடியவராகவும் இருக்கவேண்டும். குறுகிய கால அனுமதி என்றால் மொழி விடயத்தில் அதிகாரிகள் விட்டுக்கொடுக்கலாம். ஆகவே திருவிழாவுக்கு ஆள் வருவார். வருடம் முழுவதும் நிற்கக்கூடியவரைக் கொண்டுவருவதுதான் கடினம்.

நிர்வாகத்தில் இருக்கிறவர்கள் இந்தச் சட்டத்தைத் தொல்லை என்று சொல்கிறார்கள். எனக்கு அது அவ்வளவு தொல்லையாகத் தெரியவில்லை. காரணம் என் அப்பா.

மூன்று வருடங்களுக்கு முன் அப்பா தன் கடைசி ஐந்து கிழமைகளை மருத்துவமனையில் கழித்தார். ஐயரைக் கூப்பிட்டோம். வந்தார். நல்ல மனிதர், இரண்டு பேருந்து மாறி வந்தார். திருநீறு பூசி, பஞ்சாட்சரம் சொல்லி, பத்து நிமிடத்தில் வெளிக்கிட்டார். தாதி உள்ளே வந்து, வெளிச்சத்தைக் குறைக்கவா என்று கேட்டபோது அவருக்கு விளங்கவில்லை, தலையை ஆட்டிச் சிரித்தார். அப்பாவுக்கு அப்போது தேவைப்பட்டது ஒரு பேச்சுத்துணை. சாவைப் பற்றி என்னோடு கதைக்கமாட்டார், நான் அழுவேன் என்று அவருக்குத் தெரியும்.

அடுத்த நாள் ஒரு பெண்மணி கதவைத் தட்டினார். சீர்திருத்தத் திருச்சபையின் போதகர், அந்த மருத்துவமனையில் நோயாளரைப் பார்க்கும் பொறுப்பில் இருப்பவர். டொச்சில் சேல்சோர்க என்பார்கள், ஆன்மாவைக் கவனிக்கிற வேலை. கதிரையை இழுத்துப்போட்டு அப்பாவின் முகத்துக்கு நேரே இருந்தார். அப்பாவின் டொச் சமையலறை டொச், முப்பது வருடமாக "கெதியா", "சூடு", "முடிஞ்சுது" என்பவற்றுக்கு மட்டும் பழகியது. ஆகவே நான் மொழிபெயர்த்தேன். எதைப் பற்றி அதிகம் யோசிக்கிறீர்கள் என்று அவர் கேட்டார். அப்பா கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "என்ர சாம்பலை எங்க கொண்டுபோய்க் கரைப்பியள்?"

கீரிமலைக்குக் கொண்டுபோவோம் என்று நான் சொல்ல வாயெடுத்தேன். அந்தப் போதகர் முந்திவிட்டார். லுட்சேர்னில் றொய்ஸ் ஆற்றோரம் இந்துக்கள் சாம்பல் கரைப்பதற்கு நகரம் ஒரு இடம் ஒதுக்கியிருக்கிறது, விருப்பம் என்றால் விசாரித்துச் சொல்கிறேன் என்றார். எனக்கே தெரியாத விடயம். அப்பா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, பாதி இங்க, பாதி அங்க என்றார். அதற்குப் பிறகு அவர் நல்லாய் நித்திரை கொண்டார். அந்தப் பெண் இன்னும் நான்கு தடவை வந்தார்.

ஐயரில் எனக்குக் கோபம் இல்லை. ஊரில் இது ஐயரின் வேலையே இல்லை. கோயில் ஐயர் செத்த வீட்டுக்கு வருவதில்லை, அபரக்கிரியைக்குச் சைவக் குருக்கள் வேறு. புராணத்துக்குப் பயன் சொல்ல ஒருவர், திருப்பொற்சுண்ணம் பாட ஒருவர், கட்டிலடியில் இருந்து கதைக்கப் பக்கத்து வீட்டு மாமி. பத்துப் பேர் பிரித்துச் செய்த வேலையை இங்கே ஒரு மனிதரின் தலையில் கட்டிவிட்டு, அவருக்கு டொச் தெரியாது என்று குறைப்படுகிறோம். பள்ளிக்கூட வகுப்பு கோயில் பார்க்க வந்தால் அவர் விளக்கம் சொல்ல வேண்டும். மருத்துவமனைக்கும் அவர்தான் போகவேண்டும். பிள்ளை சுவிஸ் பெடியனைக் கட்டப்போகிறாள் என்றால் தாய் தகப்பனைச் சமாதானப்படுத்துவதும் அவர்தான்.

இந்த வேலையையும் படிப்பிக்கலாம் என்று இங்கே மற்றவர்கள் எப்போதோ முடிவெடுத்துவிட்டார்கள். பேர்ண் பல்கலைக்கழகத்தில், குடிபெயர்ந்தவர்கள் நடுவே சமயப் பராமரிப்புச் செய்வோருக்கென்று ஒரு தொடர்கல்விச் சான்றிதழ்ப் படிப்பு வைத்தார்கள். பிறீபூர்க் பல்கலைக்கழகத்தில் இஸ்லாமுக்கும் சமூகத்துக்குமான மையம் 2015இல் தொடங்கியது. அதற்கு அரசியல் எதிர்ப்பு வந்தது, மையம் நின்றுபிடித்தது. சைவருக்கென்று ஒன்றை யாரும் தட்டில் வைத்துத் தரப்போவதில்லை. புரட்டாதி வகுப்பு அந்தப் பக்கம் வைக்கிற ஒரு சின்ன அடி. சனிக்கிழமைகளில் இரண்டரை மணித்தியாலம்தான்.

கேள்விக்குறிக்கு வருகிறேன். அது பெண் என்ற சொல்லுக்கு மட்டும் போட்டதல்ல. "எல்லாரும் சேரலாம் எண்டால் எல்லாருமோ?" என்று ஒரு மாமா தொலைபேசியில் கேட்டார். அவர் எதைக் கேட்கிறார் என்று உங்களுக்கும் தெரியும். முப்பது வருடம் ஒரே மாடிவீட்டில் ஒன்றாக இருந்துவிட்டும் இந்தக் கேள்வி போகவில்லை.

தமிழ்நாட்டில் இதே கேள்விக்கு அரை நூற்றாண்டு போயிற்று. அர்ச்சகர் வேலையில் பரம்பரை உரிமையை நீக்கக் கருணாநிதி அரசு 1970இல் சட்டம் கொண்டுவந்தது. வழக்குகள் வந்தன. 2006இல் தகுதியும் பயிற்சியும் உள்ள எந்தச் சாதியினரும் அர்ச்சகர் ஆகலாம் என்று ஆணை பிறந்தது. மதுரை, பழனி, திருச்செந்தூர், திருவண்ணாமலை, ஸ்ரீரங்கம், சென்னை என்று ஆறு இடங்களில் பயிற்சிப் பள்ளிகள் திறந்தார்கள். 200 பேருக்கு மேல் ஓராண்டுப் படிப்பை முடித்தார்கள். முடித்துவிட்டு என்ன செய்தார்கள்? காத்திருந்தார்கள். 2018இல் மதுரையில் ஒருவருக்கு ஒரு ஐயப்பன் கோயிலில் இடம் கிடைத்தது செய்தியானது. 2021 ஆகஸ்ட் 14 அன்றுதான் அப்படிப் படித்தவர்களில் 24 பேருக்கு ஒன்றாக நியமனக் கடிதம் கொடுத்தார்கள். இருபத்தைந்து வயதில் படித்தவருக்கு அப்போது நாற்பதை நெருங்கியிருக்கும். 2023 செப்டெம்பரில் ஸ்ரீரங்கப் பள்ளியில் படித்த மூன்று பெண்கள் சான்றிதழ் வாங்கினார்கள்.

இதைத்தான் எங்கள் அழைப்பிதழில் இரண்டு தனித்தனி விடயங்களாகப் போட்டிருக்கிறார்கள் என்பது என் மனக்குறை. வகுப்பு நடத்துவது பெரிய காரியமில்லை. படித்து முடித்த பிள்ளையின் கையில் கற்பூரத் தட்டைக் கொடுக்கிற தலைவர் வேண்டும். அவர் இல்லாவிட்டால் சனிக்கிழமை சனிக்கிழமையாகப் பிள்ளையள் வந்து, சான்றிதழோடு வீட்டுக்குப் போவார்கள்.

எங்கட ஐயரிடமே இதைக் கேட்டேன். கிரியைப் பகுதியைப் படிப்பிக்க அவர் ஒத்துக்கொண்டிருக்கிறார். "நான் எனக்குத் தெரிஞ்சதை ஒளிக்காமல் சொல்லிக் குடுப்பன், பிள்ளை. உள்ளுக்கு விடுறதோ விடாததோ நிர்வாகம் சொல்லட்டும்" என்றார். பிறகு, தன் வேலைக்கும் வதிவிட அனுமதிக்கும் இதனால் ஏதும் வருமோ என்று மெல்லக் கேட்டார். நியாயமான கேள்வி. வருகிற நிர்வாகம் இவருக்கு எழுத்தில் பதில் கொடுக்கவேண்டும்.

இரண்டு பேர் தலைமைக்கு நிற்கிறார்கள். ஒருவர் அறுபத்தெட்டு வயது ஐயா, கோயில் கூரை ஒழுகினால் இரவு இரண்டு மணிக்கும் வருபவர். முதலில் படிக்கட்டும், மிச்சத்தைப் பிறகு பார்ப்போம் என்கிறார். மற்றவர் இங்கே பிறந்த பெண், கணக்காய்வு வேலை, தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பார். வகுப்பை முடித்தவர்களுக்குச் செவ்வாய் மாலைப் பூசையை முறைவைத்துக் கொடுக்கவேண்டும் என்று அவர் நிபந்தனை வைத்திருக்கிறார். என் வாக்கு அவருக்கு. செவ்வாய் மாலையில் பத்துப் பேர்தான் வருவினம், பிழைவிட்டுப் பழக நல்ல நாள்.

வீட்டில் நிலைமை வேறு. மகளுக்குப் பதினைந்து. அவளுடைய சிநேகிதிகள் திருச்சபை வகுப்புக்குப் போய், கொன்பிர்மற்சியோன் முடித்து, உடுப்பும் பரிசுமாகப் படம் போடுகிறார்கள். எங்களுக்கு என்ன இருக்கு என்று ஒருநாள் கேட்டாள். சாமத்தியச் சடங்கு என்று அம்மா சொல்ல, அவள் பார்த்த பார்வையை இங்கே எழுதமுடியாது. இப்போது வகுப்பில் சேரப்போகிறேன் என்கிறாள். "பொம்பிளைப் பிள்ளையோ? தீட்டு நாள் வந்தால் என்ன செய்யிறது?" என்று அம்மா. "லீவு எடுக்கிறது, அம்மம்மா. ஐயரும் துடக்கு எண்டால் வாறேல்லைத்தானே" என்று அவள். அம்மாவிடம் அதற்கு மறுமொழி இருக்கவில்லை, கோபம் இருந்தது.

ஒரு ஞாயிறு இருவரையும் பேர்ணுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே ஒயிரோப்பாபிளாற்சில், நெடுஞ்சாலைப் பாலத்தோடு ஒட்டி, 2014 டிசம்பர் 14 அன்று திறந்த சமயங்களின் இல்லம் இருக்கிறது. இந்துக்கள், முஸ்லிம்கள், கிறிஸ்தவர்கள், அலவிகள், பௌத்தர்கள் ஐந்து பகுதியினருக்கும் ஒரே கூரையின்கீழ் வழிபாட்டிடம். அதில் சைவநெறிக்கூடத்தின் ஞானலிங்கேச்சுரர் கோயிலில் பூசை தமிழில் நடக்கும். பூசை செய்பவரை அருட்சுனையர் என்று அழைக்கிறார்கள். பெண்களும் செய்கிறார்கள். பலருக்கு அந்த வீட்டை அறிமுகப்படுத்திய தர்மலிங்கம் சசிக்குமார் பூசையும் பார்த்து, அங்கேயே ஆயுர்வேதச் சமையலும் செய்தவர்.

அம்மா கும்பிட்டார், திருநீறு வாங்கினார், ஒன்றும் சொல்லவில்லை. மேள தாளம் காணாது என்பது அவர் அபிப்பிராயம் என்று திரும்பும்போது தெரிந்தது. பிறகு, தொடர்வண்டி பேர்ண் நிலையத்தைத் தாண்டியபோது, மந்திரம் விளங்கினது என்றார். எழுபத்திரண்டு வயதில் முதல் தடவையாக விளங்கினதாம். அதற்காகப் பேத்தி பூசை செய்யலாம் என்று அவர் ஒத்துக்கொண்டதாக நினைக்கவேண்டாம். பதிகம் பாடப் பழகட்டும், மிச்சம் வேண்டாம் என்ற இடத்தில் நிற்கிறார். அவள் விண்ணப்பத்தை நிரப்பிக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவைத்திருக்கிறாள், அம்மா ஒவ்வொரு முறையும் பால் எடுக்கும்போது பார்க்கிற உயரத்தில்.

டொச் பகுதிக்கு ஆள் கிடைக்கவில்லை என்று என்னைக் கேட்டிருக்கிறார்கள். ஆறு சனிக்கிழமைக்கு ஓம் என்றேன். திருநீறு, தீபாராதனை எல்லாம் ஒருமாதிரி எழுதிவிட்டேன். "அருள்" என்பதற்கு டொச்சில் எழுதிய சொல் வாசிக்கத் திருச்சபைச் சொல்லாகவே கேட்கிறது. மூன்று தடவை வெட்டி எழுதியாயிற்று. உங்களில் யாருக்காவது நல்ல சொல் தெரிந்தால் புரட்டாதிக்கு முன் எழுதி அனுப்புங்கள்.