கோட்டூர்புரம் வெள்ளத்தில் மூழ்கிய ஒரு சேத்தக்

உங்க வீட்டு பார்க்கிங்கை ஒரு தடவை முழுசா சுத்திப் பாருங்க. தண்ணி மோட்டார் பக்கத்திலோ, மாடிப்படிக்கு அடியிலோ தூசி மூடின ஒரு ஸ்கூட்டர் நின்னுக்கிட்டு இருக்கலாம். மயிலாப்பூர், அடையார், தி.நகர் பக்கத்துப் பழைய வீடுகளில் இதற்கு வாய்ப்பு இன்னும் அதிகம். பஜாஜ் சேத்தக், விஜய் சூப்பர், லாம்பி என்று பெயர் எதுவாக இருந்தாலும் அதன் பூர்வீகம் இத்தாலிதான்.

இத்தாலி வண்டி என்றதும் நமக்கு டுகாட்டிதான் ஞாபகம் வரும். ஆனால் நம்ம அப்பா, தாத்தா ஓட்டிய இத்தாலி வேறு. 1946இல் பியாஜியோ கம்பெனிக்காக வெஸ்பாவை வடிவமைத்த கொர்ராதினோ தஸ்கானியோ ஒரு விமானப் பொறியாளர். மோட்டார் பைக் என்றாலே அவருக்குப் பிடிக்காது. செயின் இருக்கக் கூடாது, துணியில் கிரீஸ் படக் கூடாது, பஞ்சரானால் சக்கரத்தைக் கார் மாதிரி கழட்டி மாட்ட முடியணும் என்று நினைத்தார். அதனால்தான் முன் சக்கரம் விமானத்தின் லேண்டிங் கியர் போல ஒரு பக்கம் மட்டும் பிடித்து நிற்கிறது. தனியாக ஃப்ரேமே கிடையாது, தகட்டு உடம்புதான் ஃப்ரேம். அடுத்த வருஷமே மிலான் நகரத்து இன்னொசென்டி கம்பெனி, குழாய் ஃப்ரேம் போட்ட லாம்ப்ரெட்டாவோடு போட்டிக்கு வந்தது.

பியாஜியோ உரிமத்தில் இங்கே வெஸ்பா தயாரித்து வந்த பஜாஜுக்கு 1971இல் ஒப்பந்தம் முடிந்தது. 1972இல் வெஸ்பா ஸ்பிரின்ட்டை அடிப்படையாக வைத்து சேத்தக் வந்தது. அதே 1972இல் தொடங்கிய லக்னோவின் ஸ்கூட்டர்ஸ் இந்தியா நிறுவனம், இன்னொசென்டியின் மெஷின்களையே விலைக்கு வாங்கிக் கொண்டுவந்தது. விஜய் சூப்பர் அப்படிப் பிறந்ததுதான்.

எங்க வீட்டு வண்டி சேத்தக். தாத்தா 1972இல் புக் பண்ணினார், கைக்கு வந்தது 1979இல். அந்தக் காலத்தில் ஏழு வருஷம் காத்திருப்பது பெரிய விஷயமே இல்லையாம். 2015 டிசம்பரில் அடையாறு பொங்கினபோது கோட்டூர்புரத்தில் எங்க வீட்டு வாசலில் ஹேண்டில்பார் வரைக்கும் தண்ணி. அதோடு வண்டி ஓரமா நின்னுடுச்சு. போன வருஷம் அப்பா, "எடைக்குப் போட்டுடலாம், இடமாவது மிச்சம்" என்றார். தாத்தா எதிர்த்து ஒரு வார்த்தை பேசலை. சாவியை மட்டும் குடுக்கலை.

அதனால் வேலை என் தலையில். மந்தைவெளி பக்கம் நாற்பது வருஷமா ஸ்கூட்டர் மட்டுமே பார்க்கிற ஒரு மெக்கானிக் அண்ணன் இருக்கார். அவர் கேட்ட முதல் கேள்வி: "கிக்கரை உதைச்சியா?" இல்லைன்னேன். "அப்போ பொழைச்சுக்கும்."

ஏன்னு சொல்றேன். டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் பெட்ரோலும் காற்றும் முதலில் கிராங்க் அறைக்குள் போய்விட்டுத்தான் சிலிண்டருக்கு வரும். வெள்ளத்து நீரும் சேறும் அங்கேதான் தங்கியிருக்கும். துருப்பிடித்த பேரிங்கை உதைத்துச் சுற்றினால் எல்லாம் சேர்ந்து அரைபடும். பிளக்கைக் கழட்டி ஓட்டை வழியா டீசல் விட்டோம். நாலு நாள் ஊறின பிறகு, ஃப்ளைவீலைக் கையால் மெதுவா அசைத்ததும் பிஸ்டன் நகர்ந்தது. கியர் ஆயிலைத் திறந்தால் பால் கலந்த காபி நிறம். தண்ணி உள்ளே போயிருக்கு என்பதற்கு அது போதும். இன்ஜினை இரண்டாகப் பிரித்துத்தான் ஆகணும்.

பேரிங், ஆயில் சீல், கேஸ்கெட் எல்லாம் புதுப்பேட்டையில் கிடைத்தது. இதில் ரொம்பச் சின்ன சாமான் ஆயில் சீல், ஆனால் அதிக வேலை வைப்பதும் அதுதான். கிளட்ச் பக்கத்து சீல் போனால் இன்ஜின் கியர் ஆயிலை உறிஞ்சி வெள்ளைப் புகை கக்கும். ஃப்ளைவீல் பக்கத்து சீல் போனால் வெளிக்காற்று உள்ளே வரும், கலவை மெலிந்து இன்ஜின் சூடாகும், ஆக்சிலரேட்டரை விட்டாலும் வேகம் குறையாது. இரண்டுக்கும் கார்புரேட்டரைத் திட்டிக்கிட்டே இருப்போம்!

சிலிண்டரைத் துரு தின்றிருந்ததால் ரீபோர். சேத்தக்கின் போர் 57 மி.மீ., ஸ்ட்ரோக்கும் 57 மி.மீ. கணக்குப் போட்டால் 145.45 சி.சி. அரை மில்லிமீட்டர் பெரிய பிஸ்டன் போட்டால் 148 சி.சி. முதல் செமஸ்டரில் மனப்பாடம் செய்த சூத்திரம், கையில் கிரீஸோட போட்டுப் பார்த்தபோதுதான் எனக்குப் புரிந்தது.

இதற்கு நடுவில் கிளாஸ் நண்பர்கள் ஆளுக்கு ஒரு யோசனை. "மச்சி, எல்.எம்.எல். இன்ஜினைத் தூக்கி வை." "எலக்ட்ரிக் கிட் போடு." "பின்பக்கத்தை வெட்டிடு, செம லுக்கா இருக்கும்." ஆசையாகத்தான் இருந்தது. ஆனா கட்டரைக் கையில் எடுப்பதற்கு முன்னாடி இரண்டு விஷயம் தெரிஞ்சுக்கோங்க.

மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவின்படி, ஆர்.சி.யில் இருக்கும் விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறும் அளவுக்கு வண்டியை நம் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்திச் சொன்னது. இரண்டாவது, 2021இல் வந்த விண்டேஜ் விதி. 50 வயது தாண்டிய வண்டியை அதன்கீழ் பதியலாம், 'வி.ஏ.' எழுத்து உள்ள தனி நம்பர் கிடைக்கும். ஆனால் பாடியிலோ இன்ஜினிலோ பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. எங்க சேத்தக் 2029இல் 50 தொடும். இன்றைக்கு வெட்டினால் அன்றைக்கு ஒட்ட முடியாது.

அதே விதியில் இன்னொன்றும் இருக்கு. விண்டேஜ் வண்டியை தினசரி ஓட்டக் கூடாது. கண்காட்சி, ராலி, ரிப்பேர், பெட்ரோல் போடுவது மாதிரி வேலைகளுக்குத்தான் வெளியே எடுக்கலாம். தாத்தாகிட்ட சொன்னேன். "மார்க்கெட்டுக்குப் போகாத வண்டி என்னடா வண்டி?" என்றார். ஆகவே பழைய நம்பரிலேயே ஆர்.சி.யைப் புதுப்பிப்பது, பசுமை வரி கட்டுவது, ஓட்டுவது என்று முடிவு. வண்டி பூஜை ரூமுக்கும் போகாது, பழைய இரும்புக் கடைக்கும் போகாது.

மாற்றமே செய்யலையான்னு கேட்டால், ஒன்று செய்தோம். ஆறு வோல்ட் விளக்கு ராத்திரியில் மெழுகுவர்த்தி மாதிரி எரியும். 30 வாட் பல்புக்கு 6 வோல்ட்டில் 5 ஆம்பியர் வேணும், 12 வோல்ட்டில் 2.5 ஆம்பியர் போதும். மின்னோட்டம் பாதியானால் ஒயரில் வீணாகும் சக்தி கால்வாசி ஆகிவிடும். துருப்பிடித்த கனெக்ஷன்களோடு திணறுகிற பழைய வண்டிக்கு இது பெரிய லாபம். பாயின்ட்ஸை எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் போட்டோம். பிற்காலத்து சேத்தக்குகளில் கம்பெனியே கொடுத்த ஏற்பாடுதான் இது. கழட்டின பழைய சாமானை எண்ணெய் தடவி டப்பாவில் வைத்திருக்கேன். எந்த மாற்றத்தைச் செய்தாலும் திரும்பிப் போக வழி இருக்கணும் என்பதுதான் எங்க ஒரே கண்டிஷன்.

வீட்டில் செய்யக் கூடாத வேலையும் ஒன்று உண்டு. கால் வைக்கும் தகட்டுக்கு அடியில் துரு ஓட்டை போட்டிருந்தால் புட்டி பூசி பெயின்ட் அடிச்சுடாதீங்க. தகடுதான் ஃப்ரேம் என்று முதலில் சொன்னேனே? கடற்காற்று வீசுகிற நம்ம ஊரில் இது சாதாரணம். நல்ல வெல்டர்கிட்ட விட்டுடுங்க.

வண்டி இப்போ ஓடுது. தாத்தாவுக்குக் கிக்கரை உதைக்கத் தெம்பில்லை. நான் உதைத்துக் கொடுத்தால் தெருமுனை வரைக்கும் போய்ட்டு வருவார். மெக்கானிக் அண்ணன் ஸ்க்ரூடிரைவரை இன்ஜினில் வைத்து, மறுமுனையில் காதை வைத்து, எந்தப் பேரிங் முனகுதுன்னு சொல்வார். அவர் பையன் டெலிவரி வேலைக்குப் போறான். "இதுல என்ன தம்பி வருது?" என்று அவரே அனுப்பிவைத்தாராம். நம்ம காலேஜ் லேபில் அதிர்வை அளக்கிற சென்சார் இருக்கு. அவர் காதில் இருப்பதை யாரும் குறித்து வைக்கலை. நான் இப்போ ஞாயிற்றுக்கிழமைகளில் நோட்டும் செல்போன் ரெக்கார்டருமா போய் உட்கார்றேன். பாதி சத்தத்துக்குத்தான் பேர் எழுத முடிந்திருக்கு.

உங்க பார்க்கிங்கில் ஒரு வண்டி கிடைத்தால் பிளக்கைக் கழட்டுங்க, பழைய பெட்ரோலை வடிச்சுடுங்க, கியர் ஆயில் என்ன நிறம்னு பாருங்க. ஓட ஆரம்பித்ததும் லிட்டருக்கு 20 மில்லி டூ ஸ்ட்ரோக் ஆயில் கலக்க மறக்காதீங்க. அதுவரைக்கும் கிக்கர் மேல கால் வைக்காதீங்க.